பதினெட்டில் வளையுமா?
(நடனம் பழகத் தொடங்குவோர்க்கு உடல் நெகிழ்வும் சுழற்சியும் குறித்துச் சில குறிப்புகள்)

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஐந்தையும் ஐம்பதையும் சொன்ன முன்னோர், இடையில் நிற்கும் பதினெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டனர். நம் சங்கத்து மாணவ மாணவியருள் பெரும்பாலோர் அந்த இடைப்பட்ட வயதினரே. ஊரில் இருந்தவரை நடனத்தைக் கண்டு மகிழ்ந்ததோடு நின்றவர்கள், வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்தபின், "நாமும் கற்றால் என்ன?" என்று எண்ணத் தொடங்குகிறார்கள். பொங்கல் விழாவுக்கு நடனம் ஒன்று அமைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போது அந்த ஆசை வலுப்பெறுகிறது.

ஆனால் முதல் மாதத்தில் வகுப்புக்கு வருவோரில் பாதிப்பேரை மூன்றாம் மாதத்தில் காண்பதற்கில்லை. காரணம் கேட்டால் இரண்டே விடைகள் கிடைக்கும். ஒன்று, "அரைமண்டி உட்கார முடியவில்லை, முழங்கால் வலிக்கிறது." மற்றொன்று, "ஒரு சுற்றுச் சுற்றினால் தலை கிறுகிறுக்கிறது." இவற்றைக் கொண்டு, "எனக்கு வயது கடந்துவிட்டது" என்று அவர்களே தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். இத்தீர்ப்பு சரிதானா என்பதை உடற்கூற்றையும் பௌதிகத்தையும் துணையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பரதநாட்டியம் பயில்வோரையே முதன்மையாக எண்ணி எழுதினும், இதிற் கூறுவன பிற ஆடல்களைப் பழகுவோர்க்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இளமையிலேயே தொடங்குதல் நன்று என்பதில் ஐயமில்லை. சிலப்பதிகார மாதவி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்று அரங்கேற்று காதை கூறுகிறது. ஆயினும் மற்றொரு வரலாறும் உண்டு. 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1935-ஆம் ஆண்டு இறுதியில் அடையாற்றில் ஆடியபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதற்கு முன் மேனாட்டுப் பாலே நடனத்தில் அவர் சிறிது பயிற்சி பெற்றிருந்தார் என்பது உண்மை. எனினும் நம் மரபின் மண்டியையும் அடவையும் அந்த வயதிலேயே அவர் கைக்கொண்டார். ஆகவே வயது ஒரு தடைதான். ஆனால் கதவை முற்றிலும் அடைத்துவிடும் தடையன்று.

எது மாறும், எது மாறாது

உடல் வளையவில்லை என்று பொதுப்படச் சொல்வதால் பயனில்லை. எந்த இடத்தில், எதனால் வளையவில்லை என்று கேட்க வேண்டும். ஒரு மூட்டின் அசைவை மூன்று பொருள்கள் வரையறுக்கின்றன. முதலாவது எலும்பின் அமைப்பு. இடுப்பெலும்பின் குழியில் தொடையெலும்பின் உருண்டைத் தலை பொருந்தியிருக்கிறது. அக்குழியின் ஆழமும், அது நோக்கும் திசையும், தொடையெலும்பின் முறுக்கும் ஆளுக்கு ஆள் வேறுபடும். வளர்ச்சி முடிந்தபின் இவற்றைப் பயிற்சியால் மாற்ற இயலாது. இரண்டாவது, எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார்கள். இவை மூட்டுக்குக் காவல். இவற்றை இழுத்துத் தளர்த்தினால் மூட்டு உறுதி இழக்கும். மூன்றாவது, தசைகளும் அவற்றை ஆளும் நரம்புகளும். இவையே பயிற்சிக்கு வசப்படுவன. எந்த வயதிலும் வசப்படுவன. பதினெட்டு வயது மாணவருக்கு வளையாமை என்று தோன்றுவதில் பெரும்பகுதி இந்த மூன்றாவதைச் சேர்ந்ததே. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து படித்ததால் இடுப்பின் முன்தசையும் தொடையின் பின்தசையும் இறுகியிருக்கும்.

தம் இடுப்பு எவ்வளவு திரும்பும் என்பதை ஒவ்வொருவரும் தாமே அறிந்துகொள்ளலாம். குப்புறப் படுத்து ஒரு முழங்காலை மடக்கிப் பாதம் கூரையை நோக்கும்படி வையுங்கள். இடுப்பைத் தரையிலிருந்து தூக்காமல், பாதத்தை மெல்ல மற்றக் காலின் பக்கமாகச் சாய விடுங்கள். அது எவ்வளவு சாய்கிறதோ, அவ்வளவே உங்கள் தொடை இடுப்புக் குழியில் வெளிநோக்கித் திரும்பும் அளவு. இரு கால்களுக்கும் அளவு ஒன்றாக இராமலும் போகலாம்.

அரைமண்டியின் உண்மை

அரைமண்டியில் கால்கள் பக்கவாட்டில் திறப்பது இடுப்பில் நிகழ வேண்டிய செயல். இடுப்பு திறக்காத இடத்தில் புதிதாகக் கற்போர் செய்வது என்ன? பாதங்களை மட்டும் வலிந்து நேர்கோட்டில் திருப்பி வைத்து, முழங்காலை முன்பக்கம் நோக்க விட்டுவிடுகிறார்கள். பாதம் ஒரு திசையும் முழங்கால் வேறொரு திசையும் நோக்கினால் இடையிலுள்ள முழங்கால் மூட்டு முறுக்கப்படுகிறது. முழங்கால் கதவின் கீல் போன்றது. மடங்குவதற்கும் நீள்வதற்கும் அமைந்தது. முறுக்கத்தை அது சிறிதளவே தாங்கும். அந்த முறுக்கத்தோடு நாள்தோறும் நூற்றுக்கணக்கில் தட்டடவு தட்டினால் வலி வராமல் என்ன செய்யும்? அத்தகைய வலிக்கு வயதைக் குறை கூறுவது நியாயமன்று. பாதத்தை வைத்த முறையே குற்றவாளி.

சரியான முறை இதுதான். சமபாதத்தில் நின்று, குதிகால்களைச் சேர்த்து, முழங்கால்களை மடக்காமல் தொடைகளை இடுப்பிலிருந்து வெளியே திருப்புங்கள். பாதம் தானாக எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவோடு நிறுத்துங்கள். பிறகு முதுகை நிமிர்த்தியவாறே கீழிறங்குங்கள். முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேர் மேலே செல்ல வேண்டும். பாதத்தின் உள்வளைவு தரையில் சரிந்துவிடக் கூடாது. பின்புறம் பின்னே தள்ளவும் கூடாது. இம்மூன்றும் கெடாமல் எவ்வளவு தாழ முடிகிறதோ அதுவே இன்றைய உங்கள் அரைமண்டி. அடுத்தவருடைய மண்டியின் ஆழத்தைக் கொண்டு உங்களுடையதை அளக்க வேண்டா.

தாழ முடியாமைக்கு இடுப்பன்றி வேறொரு காரணமும் இருக்கலாம்: கணுக்கால். சுவரை நோக்கி நின்று, பெருவிரல் நுனி சுவரிலிருந்து சுமார் 10 செண்டிமீட்டர் விலகியிருக்கும்படி ஒரு பாதத்தை வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் அந்த முழங்கால் சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லையாயின், நீங்கள் முதலில் நெகிழ்க்க வேண்டியது கெண்டைக்காலை. இடுப்பை எவ்வளவு இழுத்தாலும் உங்கள் மண்டி இறங்காது.

முழுமண்டியைப் பற்றி ஒரு சொல். அதில் உடலின் எடை முன்பாதத்தின்மேல் நிற்க, முழங்கால் முற்றிலும் மடங்குகிறது. மண்டி அடவுகளில் அந்நிலையிலேயே திரும்புதலும் தாவுதலும் உண்டு. தொடைத் தசை வலுப்பெறுமுன் இவற்றைத் தொடுவது வீடு கட்டுமுன் மாடி ஏறுவதைப் போன்றது.

தசையை நெகிழ்க்கும் முறை

தசைக்குள் நீட்சியை உணரும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. தசையைத் திடீரென்று இழுத்தால் அவை முதுகுத் தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே அத்தசை தற்காப்பாகச் சுருங்குகிறது. குனிந்து, குதித்துக் குதித்துத் தரையைத் தொட முயல்வோர் தம் தசையோடு தாமே மல்லுக்கு நிற்கிறார்கள். மெல்ல நீட்டி, இழுப்பு உணரப்படும் இடத்தில் 20 அல்லது 30 வினாடிகள் அமைதியாக மூச்சுவிட்டுக்கொண்டு நின்றால் தசை இணங்கும். ஒவ்வொரு நீட்சியையும் இரண்டு மூன்று முறை செய்தாற் போதும். வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் வருத்திக்கொள்வதைவிட, ஐந்து நாள் பத்து நிமிடம் செய்வது மேல்.

குளிர்ந்த தசையை நீட்டுதல் ஆகாது. டில்லியின் மார்கழிக் குளிரில் போர்வையிலிருந்து எழுந்தவுடன் காலைச் சுவர்மேல் தூக்கி வைப்பது ஆபத்து. முதலில் விரைந்த நடை, மெல்லோட்டம், கை கால் வீசுதல் ஆகியவற்றால் உடலில் வெம்மை ஏற வேண்டும். ஊரில் ஐந்து நிமிடத்தில் ஏறும் வெம்மைக்கு இங்கே பத்து நிமிடமேனும் ஆகும். மேலும், நெடுநேரம் அசையாமல் நீட்டிய தசை சற்று நேரத்துக்குத் தன் முழு வலிமையையும் காட்டாது. ஆகவே நீண்ட நீட்சிகளைப் பயிற்சியின் இறுதிக்கு ஒதுக்கி, தொடக்கத்தில் அசைந்தவாறே செய்யும் நீட்சிகளை மட்டும் செய்க.

கையால் இழுத்துக் காலைத் தூக்குவது ஒன்று. கையை எடுத்தபின் அக்காலை அங்கேயே நிறுத்துவது மற்றொன்று. மேடையில் பயன்படுவது இரண்டாவதே. சிதம்பரம் கோபுரத்துக் கரணச் சிற்பங்களைக் கண்டவர்கள், பாதம் நெற்றியைத் தொடும் லலாட திலகத்தில் மனத்தைப் பறிகொடுப்பார்கள். கல்லில் வடித்த கால் அங்கேயே நிற்கும். நம் காலை அங்கே நிறுத்துவதற்கு இடுப்பின் தசையும் வயிற்றின் தசையும் வேண்டும். ஆதலால் ஒவ்வொரு நீட்சிக்கும் பின், அதே திசையில் காலைக் கைத்துணையின்றி ஐந்து முறை தூக்கி, ஐந்து வினாடி நிறுத்திப் பழகுங்கள். இயல்பாகவே மிகையாக வளையும் உடல் சிலருக்கு அமைந்திருக்கும். முழங்கையும் முழங்காலும் பின்னோக்கி வளையும். அவர்களைக் கண்டு மற்றவர் பொறாமைப்படுவதுண்டு. உண்மையில் அவர்களுக்கு நீட்சி தேவையில்லை. மூட்டைக் காக்கும் வலிமையே மிகுதியும் தேவை.

சுழற்சி: அச்சு

இனிச் சுழற்சிக்கு வருவோம். சுழல்வது விரைவின் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். பம்பரத்தைப் பாருங்கள். அது சாய்ந்து விழுவது அச்சு சாய்வதால். நம் உடலுக்கும் ஓர் அச்சு உண்டு. உச்சந்தலையிலிருந்து முதுகுத்தண்டின் வழியாக, ஊன்றிய பாதத்தின் நடுவே தரைக்குள் இறங்கும் நேர்கோடு அது. அரைமண்டியில் பின்புறத்தைத் தள்ளிப் பழகியவர் சுழலும்போதும் பின்னே சாய்வார். பாதத்தின் உள்வளைவைச் சரியவிட்டவர் சுழலும்போதும் உட்பக்கம் விழுவார். மண்டி திருந்தினால் சுழற்சியில் பாதி திருந்திவிடும் என்று கூறக் காரணம் இதுவே.

எந்தப் பாதப் பகுதியில் சுழல்வது என்பது ஆடலுக்கு ஆடல் வேறு. பாலேயில் குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் சுழல்வர். டில்லியில் நாம் அடிக்கடி காணும் கதக்கில் பொதுவாக இடக்குதிகாலை அச்சாகக் கொண்டு, வலக்காலைத் தட்டித் தட்டிச் சக்கர் அடிப்பர். 2022-இல் மறைந்த பண்டித பிர்ஜு மகராஜின் சக்கர்களைக் கண்டவர்கள், அவற்றின் வேகத்தைவிட, சட்டென்று சமத்தில் வந்து நிற்கும் அமைதியைக் கண்டே வியந்தார்கள். பரதத்தில் உங்கள் ஆசிரியரின் பாணி எதுவோ அதையே பின்பற்றுக. எதுவாயினும் எடை முழுவதும் ஊன்றிய காலுக்கு வந்தபின்னரே உடல் திரும்ப வேண்டும். எடை இரு கால்களுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும்போது திரும்பியவர் தடுமாறுவார்.

சுழற்சி: கை

பௌதிகம் படிக்கும் நண்பர்களுக்கு இது தெரிந்ததே. அச்சிலிருந்து விலகியுள்ள எடை சுழற்சிக்குத் தடை தருகிறது. அதே எடையை இருமடங்கு தொலைவில் வைத்தால் தடை நான்கு மடங்காகிறது. கைகளை விரித்துத் தொடங்கி மார்பருகே கொண்டுவந்தால், புதிதாக ஒரு தள்ளும் இல்லாமலே உடல் விரைந்து சுழல்வது இதனால்தான். நிற்கும்போது கையை மீண்டும் விரித்தால் வேகம் அடங்குகிறது.

ஆனால் நாட்டியாரம்பத்தில் கைகளை விரித்தவாறே திரும்பும் இடங்கள் பரதத்தில் உண்டு. அங்கே கையைச் சேர்த்து வேகம் பெற வழியில்லை. தொடக்கத்தில் கால் கொடுக்கும் உந்தே முழுவதற்கும் போதுமானதாக இருக்க வேண்டும். முழங்கை தொய்ந்து பின்தங்கினால் தோள் சாயும். தோளோடு அச்சும் சாயும். ஆகவே தோளும் கையும் இடுப்பும் ஒரே பலகையிற் செய்தவைபோல் ஒருங்கே திரும்ப வேண்டும்.

சுழற்சி: கண்

தலை கிறுகிறுப்பது கோழைத்தனமும் அன்று. உடல் நலிவும் அன்று. ஒவ்வொரு காதின் உட்புறத்திலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றுள் திரவம் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது திரவம் சற்றே பின்தங்குகிறது. அதனால் மூளை, "திரும்புகிறோம்" என்று அறிகிறது. தலை தொடர்ந்து சுழன்றால் திரவமும் உடன் சுழலத் தொடங்குகிறது. நாம் நின்றபின்னும் அது சிறிது நேரம் ஓடுகிறது. உடல் நின்றுவிட்டது என்று கண் சொல்ல, இன்னும் சுழல்கிறோம் என்று காது சொல்கிறது. இந்த முரண்பாடே கிறுகிறுப்பு.

இதைத் தணிக்கக் கதக்கரும் பாலே ஆடுவோரும் கையாளும் உபாயம் ஒன்றே. கண்ணுக்கு நேரே ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்கிறார்கள். உடல் திரும்பத் தொடங்கியபின்னும் முகம் அப்புள்ளியையே நோக்கி நிற்கிறது. கழுத்து இனித் திரும்பாது என்ற நிலை வந்ததும், தலை ஒரே வீச்சில் உடலை முந்திச் சென்று மீண்டும் அப்புள்ளியைப் பிடிக்கிறது. தலையின் தொடர்ந்த சுழற்சி இவ்வாறு துண்டுபடுவதால் கிறுகிறுப்புக் குறைகிறது. பரதத்திலும் நிருத்தப் பகுதியின் விரைந்த சுற்றுகளுக்கு இது உதவும். ஆனால் பார்வை கையைத் தொடர்ந்து செல்லவேண்டிய இடங்களில் இதைப் புகுத்தினால் பாவம் கெடும். அங்கே மெல்லத் திரும்புவதே முறை.

பயிற்சியால் மூளையும் மாறுகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பாலே ஆடும் பெண்கள் 29 பேரையும் படகு வலிக்கும் பெண்கள் 20 பேரையும் சுழலும் நாற்காலியில் அமர்த்திச் சோதித்தனர். நாற்காலி நின்றபின் சுழலும் உணர்வு ஆடுவோருக்கு விரைவிலேயே அடங்கியது. காதின் அச்செய்தியை ஏற்கும் சிறுமூளைப் பகுதியிலும் வேறுபாடு காணப்பட்டது. இன்று தலை சுற்றுகிறதே என்று அஞ்ச வேண்டா. சில வாரங்களில் அது குறையும்.

எந்த வரிசையில் பழகுவது?

நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் பிரமரி என்ற பெயரால் ஏழு சுழற்சிகளைக் கூறுகிறது: உத்பிலுதம், சக்கரம், கருடம், ஏகபாதம், குஞ்சிதம், ஆகாசம், அங்கம். தொடங்குவோர்க்கு இவற்றுள் சக்கரமே எளிது. பாதங்கள் தரையை விடாமல் சுற்றிவருவது அது. ஒற்றைக் காலில் சுழலும் ஏகபாதம் அதற்குப் பின். பாய்ந்து சுழல்வன கடைசியில்.

நாளொன்றுக்கு 40 நிமிடம் ஒதுக்கக்கூடியவர்கள் அதைப் பின்வருமாறு பகுத்துக்கொள்ளலாம்.

முதல் 10 நிமிடம்: உடலை வெம்மைப்படுத்துதல்.

அடுத்த 10 நிமிடம்: அரைமண்டியில் இறங்கி ஏறுதல் பத்து முறை, அரைமண்டியில் அசையாமல் 20 வினாடி நிற்றல் மூன்று முறை, குதிகாலை உயர்த்தி இறக்குதல் பதினைந்து முறை.

அடுத்த 10 நிமிடம்: சுழற்சி. முதல் இரு வாரமும் சுழலவே வேண்டா. ஒற்றைக் காலில் 30 வினாடி நிற்கப் பழகுங்கள். பின்பு கண்ணை மூடி நில்லுங்கள். மூன்றாம் வாரம் கால் சுற்று. ஐந்தாம் வாரம் அரைச் சுற்று. ஏழாம் வாரம் முழுச் சுற்று. ஒவ்வொன்றின் முடிவிலும் இரண்டு எண்ணிக்கை அசையாமல் நிற்க வேண்டும். நிற்க முடியாத சுற்று முடியாத சுற்றே. வலப்பக்கம் எத்தனையோ இடப்பக்கமும் அத்தனை.

இறுதி 10 நிமிடம்: இடுப்பின் முன்தசை, தொடையின் உள்தசை, பின்தசை, கெண்டைக்கால் ஆகிய நான்கையும் நீட்டுதல்.

விடுதிகளின் சிமெண்டுத் தரையில் ஓங்கித் தட்டுவது கணுக்காலுக்கும் முழந்தாளுக்கும் நல்லதன்று. மரத்தளம் கிடைத்தால் அங்கே தட்டுக. கிடைக்காவிடின் தட்டும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்க. குளிருக்காக அணிந்த காலுறையோடு சுழல்வது வழுக்கி விழும் வழி.

வலியைப் பற்றியும் தெளிவு வேண்டும். தசையின் நடுவில் பரவலாகத் தோன்றும் இழுப்பு இயல்பானது. மூட்டுக்குள் ஊசி குத்துவதுபோல் எழும் வலி, வீக்கம், முழங்கால் சிக்கிக்கொள்ளுதல் ஆகியவை இயல்பானவை அல்ல. அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காண்க. நின்ற பிறகும் நெடுநேரம் தணியாத கிறுகிறுப்புக்கும் இதுவே விதி. "வலித்தால்தான் வளரும்" என்று வீரம் பேசி முழங்காலைப் பலியிட்டவர்கள், பின்னர் நடனத்தைப் பார்ப்பதோடு நிற்க வேண்டியதாயிற்று.

பதினெட்டு வயதில் தொடங்குவோருக்கு ஐந்து வயதுக் குழந்தையின் உடல் இல்லை. ஆனால் அக்குழந்தைக்கு இல்லாத ஒன்று இவர்களிடம் உண்டு: ஏன், எதனால் என்று கேட்டு அறியும் அறிவு. குழந்தை நட்டுவனாரின் தட்டுக்கழிக்குப் பணிந்து ஆண்டுக்கணக்கில் பெறுவதில் ஒரு பகுதியை, இவர்கள் தம் உடலைத் தாமே கூர்ந்து நோக்கிப் பெறலாம். இடுப்பு திறக்கும் அளவுக்கே பாதத்தைத் திறங்கள். எடை வந்த காலிலேயே திரும்புங்கள். சுற்றின் முடிவில் நில்லுங்கள். மூன்று மாதம் கழித்துப் பழமொழியைப் பற்றிப் பேசுவோம்.